சபை வரலாறு எழுதுவது எப்படி: சேலம், ஏற்காடு ஆலயங்களுக்கு

நூற்றாண்டு மலர் என்றால் வாழ்த்துச் செய்திகள், ஆயர் படங்கள், போதகர் பட்டியல், கடைசியில் விளம்பரங்கள் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஞானஸ்நானம் பெற்றவர்கள், மணம் முடித்தவர்கள், அடக்கம் செய்யப்பட்டவர்கள் அதில் வருவதில்லை. சபை என்பது அவர்கள்தான். ஆகவே வேலையைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள், கட்டடத்திலிருந்து அல்ல.

பதிவேடுகளைத் தேடுமுன், சபை எந்த ஆண்டில் யார் நிர்வாகத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய காகிதங்கள் நிர்வாகத்தின் பின்னாலேயே போயிருக்கும். லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் மிஷனரி சங்கம் சேலத்தில் 1827-ல் பணியைத் தொடங்கியது. அதன் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபையிலும் (சி.எஸ்.ஐ.) சேர்ந்தன. அதன் கோயம்புத்தூர் திருமண்டலம் 1950-ல் உருவானது. லண்டன் மிஷனரிகள் அனுப்பிய கடிதங்கள் இன்று லண்டனில் உள்ள சோயாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் 1930-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய தாள்களைப் பாண்டிச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆயரகங்களில் கேட்க வேண்டும். ஏற்காடு போன்ற இடங்களின் ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) பதிவுகளுக்கு பிரிட்டிஷ் நூலகத்தில் நகல் உண்டு. மூலப் புத்தகம் கரையான் தின்று போயிருந்தாலும் இந்த நகல் கிடைக்கலாம்.

பதிவேட்டைத் தொடுமுன் கையைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். மேசையில் பேனா இருக்கக் கூடாது, பென்சில் மட்டும். முதுகு உடைந்த புத்தகத்தை முழுதாக விரிக்காமல், இரு பக்கமும் மடித்த துணி கொடுத்துத் தாங்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவை நேர் மேலே பிடித்து, அட்டையிலிருந்து கடைசித் தாள் வரை வெற்றுப் பக்கம் உட்பட எடுங்கள். வெற்றுப் பக்கங்களின் ஓரத்தில்தான் பல போதகர்கள் குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்கள். கிழிந்த தாளை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். லேமினேட் செய்த தாளைப் பிறகு யாராலும் மீட்க முடியாது.

பழைய கத்தோலிக்கப் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். அதில் பேத்ருஸ் என்று இருப்பவர் ஊரில் இராயப்பன். பௌலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், யோசேபுஸ் சூசை, அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். இது தெரியாமல் ஒரே ஆளை இருவராக எண்ணிவிடுபவர்கள் நிறைய. தகப்பன் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஒருவர் என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து ஆண்டுவாரியாக ஞானஸ்நானம், அடக்கம் இரண்டையும் எண்ணி அட்டவணை போடுங்கள். 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கடுமையாக அடித்தது. அந்த ஆண்டுகளில் ஞானஸ்நான எண் திடீரென ஏறியிருந்தால், அதை உடனே எழுப்புதல் (பக்தி எழுச்சி) என்று எழுதிவிட வேண்டாம். எத்தனை பேர் பெற்றோர் பெயர் இல்லாத பிள்ளைகள், எத்தனை பேர் சில மாதங்களில் அடக்கப் பதிவேட்டில் வருகிறார்கள் என்று பாருங்கள். பஞ்சத்தில் பிழைத்தவர்களின் சபையாக இருந்தால் அப்படியே சொல்லுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. சாதிவாரியாகப் பிரிந்த இருக்கையும் கல்லறையும் இருந்திருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் இன்று இருக்கும் குடும்பத்தின் சாதிப் பதிவை அச்சிடாதீர்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேர்வராயன் மலைக் கல்லெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும். தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். ஆசிட், கம்பி பிரஷ், சாக்பீஸ் மூன்றும் கூடாது. சாய்வான காலை வெயிலில் மங்கிய எழுத்து எழும்பித் தெரியும். வெயில் வராத பக்கத்துக்குக் கண்ணாடியால் ஒளியைத் திருப்புங்கள். பளிங்குக் கல்லில் ஈய எழுத்து உதிர்ந்திருந்தால், அது பதிந்திருந்த துளைகளின் வரிசையே எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். கல்லில் படிப்பதை 1905-ல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் வெளியிட்ட மதராஸ் மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவுக் கல்லை ஏற்காட்டில் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். காப்பித் தோட்டத்தில் வேலை செய்து இறந்தவர்கள் கல் இல்லாத மண்மேட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு அடக்கப் பதிவேடு ஒன்றே சான்று.

மூத்தவர்களிடம் ஆண்டு கேட்டால் பதில் வராது. "மேட்டூர் அணை கட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?" என்று கேளுங்கள். அணை 1934-ல் முடிந்தது. அப்போது மூழ்கிய பண்ணவாடிக் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் நீர்மட்டம் இறங்கும்போது வெளியே தெரியும். அப்படி இடம்பெயர்ந்த குடும்பங்களை, அவர்கள் குடியேறிய ஊர்களின் பதிவேடுகளில் தேட வேண்டும்.

நிலப் பத்திரத்தில் பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1290 என்பது 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரை. அடிக்கல் நாட்டிய நாள், பிரதிஷ்டை நாள், சபை கூடத் தொடங்கிய நாள் மூன்றும் வெவ்வேறு. சுவரில் உள்ள கல்லைப் பார்த்துச் சபையின் வயதைச் சொல்லாதீர்கள். கீற்றுக் கொட்டகையிலோ பள்ளிக்கூடத்திலோ பல ஆண்டுகள் ஆராதனை நடந்த பிறகுதான் கட்டடம் எழுந்திருக்கும். எந்தத் தேதிக்கும் இரண்டு சான்று வேண்டும். ஒன்றுதான் கிடைத்தது என்றால், எங்கே கிடைத்தது என்பதை அந்த வரியிலேயே குறிப்பிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் பெயர்ப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எடுத்து, நான்கு ஞாயிறு ஆலய வாசலில் பென்சிலோடு வையுங்கள். உபதேசியார், கோயில்பிள்ளை, மணியடித்தவர், வேதாகம ஸ்திரீகள் (பெண்களுக்கு வேதம் சொல்லித்தந்த பெண் ஊழியர்கள்) பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேரும்.