ஏறிவிட்டது வேறு, பொருந்திவிட்டது வேறு: பழைய பென்ஸுக்கு வீலும் டயரும் மாற்றும்போது செய்யும் தவறுகள்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு கடை வாசலில், எங்கள் வீட்டுப் பழைய பென்ஸில் புது அலாய் வீல்களை மாட்டி முடித்த பையன் சொன்னான்: "ஏறிடுச்சு அண்ணா, பாருங்க. கச்சிதமா உட்கார்ந்திருக்கு." ஐந்து போல்ட்டும் ஏறியிருந்தன. வண்டியும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏறிவிட்டதால் பொருந்திவிட்டது என்று நானும் நம்பினேன். பழைய சொகுசுக் கார் வைத்திருப்பவர்கள் வீல், டயர் விஷயத்தில் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் கிளைக்கின்றன.

வண்டி சித்தப்பா எனக்குக் கொடுத்தது. 1996 மாடல் இ220. டபிள்யூ124 என்ற வரிசை. 1995 முதல் புனேவை ஒட்டிய பிம்பிரியில், டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) ஆலை வளாகத்திலேயே கோர்த்து விற்ற வண்டி. அதனால்தான் இன்றும் காக்ஸ் டவுன், இந்திராநகர் பக்கம் பழைய வீடுகளின் போர்ட்டிகோவில் ஒன்றிரண்டு கண்ணில் படுகின்றன. கம்பெனி கொடுத்தது 15 அங்குல வீலும் 195/65 டயரும். அதாவது 195 மி.மீ. அகலம், அதில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம். நான் மாட்டியது 17 அங்குல வீல், 225/45 டயர்.

வாங்கும் முன் கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். 195/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் சுமார் 634.5 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 டயருக்கு 634.3. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, கியர் விகிதம் மாறாது, அப்புறம் என்ன என்று நினைத்தேன். விட்டத்தைப் பார்த்தவன் சைடுவாலை, அதாவது டயரின் பக்கச் சுவரைப் பார்க்கவில்லை. பழைய டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 127 மி.மீ. ரப்பரும் காற்றும் இருந்தன. புதியதில் 101. குறைந்தது ஓர் அங்குல மெத்தை. அந்தக் கால பென்ஸின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ் எல்லாமே உயரமான டயர் பாதி அடியை வாங்கிக்கொள்ளும் என்று எண்ணி அமைத்தவை. மெத்தையைக் குறைத்தால் மீதி அடி புஷ்ஷுக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் போகிறது, அதற்கடுத்து நம் முதுகுக்கு. ஒவ்வொரு தெருவிலும் வேகத்தடை உள்ள நம் ஊரில், மழைக்காலத்தில் எந்தத் தேங்கிய நீருக்கடியில் பள்ளம் இருக்கிறது என்று தெரியாத நம் ஊரில், இது சின்ன விஷயமில்லை.

ரிம்மின் பின்பக்கம் எழுதியிருக்கும் எண்கள்

கடையில் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் கேட்பார்கள்: பி.சி.டி. அதாவது எத்தனை போல்ட், அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் எவ்வளவு. பென்ஸுக்கு 5×112. பழைய ஸ்கோடா, ஆடி பலவற்றுக்கும் அதே 5×112 தான். "ஸ்கோடா வீல் போட்டுக்கலாம் சார்" என்று சொல்வது இதனால்தான். ஆனால் அவற்றின் நடுத் துளை 57.1 மி.மீ. வீல் போய் உட்காரும் அச்சு முனையான ஹப், பென்ஸில் 66.6. அந்த வீல் ஹப்பின் மேல் ஏறவே ஏறாது. சிலர் லேத்தில் கொடுத்துத் துளையைக் கடைந்து ஏற்றுகிறார்கள். மையம் ஒரு நூலளவு விலகினாலும் அந்த வீல் ஆயுளுக்கும் ஆடும்.

என் வீலில் பிரச்சினை தலைகீழ். பல வண்டிக்கும் பொதுவாகச் செய்யும் வெளிச்சந்தை அலாய் என்பதால் நடுத் துளை 73.1 மி.மீ. ஹப்பைத் தொடாமல், வெறும் போல்ட்டுகளின் பிடியில் நின்றது. மணிக்கு 80 கி.மீ. தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். மூன்று முறை பேலன்சிங் செய்தேன். மெஷினில் சரியாகக் காட்டும், வண்டியில் நடுங்கும். கடைசியில் 73.1-க்கும் 66.6-க்கும் இடையிலான இடைவெளியை அடைக்கும் ஹப் வளையம் நான்கு வாங்கிப் போட்டதும் நடுக்கம் போய்விட்டது. வீலோடு சேர்த்து முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டிய பொருள் அது.

ஜாகுவார் எக்ஸ்.ஜே. வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. பி.எம்.டபிள்யூவின் பி.சி.டி. 120 மி.மீ. பழைய ஜாகுவாருடையது நாலே முக்கால் அங்குலம், அதாவது 120.65. அரை மில்லிமீட்டர் சொச்சம்தானே என்று, காற்றழுத்தத்தில் முடுக்கும் ஏர் கன்னால் இறுக்கினால் ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் சாய்ந்த பிடியில் நிற்கும். பிடிப்பு தளரவும் உடையவும் அது போதும்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண், ரிம்மில் 'ஈ.டி.' என்று பொறித்திருக்கும். பெங்களூரு சிவாஜிநகர் குஜிரியில், அதாவது பழைய உதிரிபாகச் சந்தையில் தேடுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பதினைந்து துளையுள்ள தட்டையான அந்த பென்ஸ் அலாயை எல்லோருக்கும் தெரியும். ஜெர்மானியர்கள் அதைச் சாக்கடை மூடி என்று செல்லமாக அழைப்பார்கள். டபிள்யூ124-க்கும் வந்தது, அதைவிடப் பெரிய எஸ் கிளாஸான டபிள்யூ126-க்கும் வந்தது. தள்ளி நின்று பார்த்தால் ஒரே வீல். ஆனால் முன்னதன் ஆஃப்செட் 48, 49 வாக்கில். பின்னதன் ஆஃப்செட் 25. எஸ் கிளாஸ் வீலை இ கிளாஸில் போட்டால் டயர் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே தள்ளும். ஆள் ஏறியதும் பின்பக்கம் ஃபெண்டரில் உரசும். வீல் பேரிங்கில் நெம்புகோல் போட்டது போல் பாரம் ஏறும். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையைவிட்டுத் திமிறும். 'ஒரிஜினல் பென்ஸ் வீல்' என்று விற்பவர் சொல்வது முழு உண்மைதான். உங்கள் பென்ஸுக்கான ஒரிஜினலா என்பதை வீலைத் திருப்பி, எண்ணைப் படித்தால்தான் தெரியும்.

சூளகிரியில் கற்ற பாடம்

போல்ட்டைப் பற்றி யாருமே சொல்வதில்லை. நானும் நடு ரோட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

ஓசூர் தாண்டிச் சேலம் போய்க்கொண்டிருந்தோம். இரவு. சூளகிரிக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம். பின் இடது ரிம் வளைந்து காற்று இறங்கிவிட்டது. ஸ்டெப்னி பழைய 15 அங்குல இரும்பு வீல்தான், நல்ல நிலையில் இருந்தது. கழற்றிய அதே போல்ட்டுகளால் ஸ்டெப்னியை மாட்டி இறுக்கினேன். பக்கத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் போடும் பெரியவர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கியை இறக்கப் போனவனைத் தடுத்தார். "தம்பி, இறக்காத. முதல்ல வீலைக் கையால சுத்திப் பாரு" என்றார். சுற்றினேன். உள்ளே இரும்பு உரசும் சத்தம். அரைச் சுற்றில் நின்றுவிட்டது.

காரணம் எளியது. அலாய் வீலின் அடிப்பாகம் தடிமன், அதற்கு நீளமான போல்ட். இரும்பு வீல் மெல்லிய தகடு, அதற்குக் குட்டையான போல்ட். நீளமான போல்ட்டை மெல்லிய வீலில் போட்டால் மிச்ச நீளம் ஹப்பைத் தாண்டி உள்ளே நீட்டும். இந்த வண்டியில் பின் டிஸ்க்குக்குள்ளேதான் ஹேண்ட் பிரேக் ஷூ இருக்கிறது. அதில் போய் இடிக்கிறது. அந்தப் பெரியவர் மட்டும் இல்லையென்றால் அப்படியே ஓட்டியிருப்பேன். சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து குட்டை போல்ட் ஐந்தை எடுத்து வரும்வரை அவர் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இன்று என் டிக்கியில் ஸ்டெப்னிக்கான குட்டை போல்ட்டுகள் தனிப் பையில் கிடக்கின்றன. நீளம் மட்டுமல்ல, தலையின் அடிப்பக்க வடிவமும் முக்கியம். இந்தக் காலத்துப் பழைய பென்ஸ் வீலில் போல்ட் உட்காரும் இடம் உருண்டை, 12 மி.மீ. ஆரம். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் அதே உருண்டை 13. வெளிச்சந்தை அலாய்கள் பெரும்பாலும் கூம்பு. கூம்புப் போல்ட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். எவ்வளவு இறுக்கினாலும் தளர்ந்துவிடும்.

டயர்

195/65 ஆர்15 இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. கஷ்டம் அதற்கு முந்தைய டபிள்யூ123 வைத்திருப்பவர்களுக்கு. அதன் 195/70 ஆர்14 கடைக்குக் கடை இருக்காது. அங்கே இரண்டு தவறான வழிகளைக் காட்டுவார்கள். ஒன்று, சின்ன கார்களின் 175/65 ஆர்14. விட்டத்தில் 7 சதவீதம் சிறியது. வண்டி தாழும், இன்ஜின் வீணாகச் சுற்றும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 93-இல் போவீர்கள். அதைவிட மோசம் பாரம்: அந்த அளவில் வழக்கமாக வரும் சுமைக் குறியீடு 82, அதாவது டயருக்கு 475 கிலோ. வண்டிக்கு வேண்டிய 91 என்பது 615 கிலோ. குடும்பத்தோடும் பெட்டிகளோடும் வெயிலில் நெடுஞ்சாலை ஏறினால் அந்தச் சின்ன டயர் சூடேறி வெடிக்கக்கூடும். இன்னொரு வழி, அளவுக்குப் பின்னால் 'சி' என்று போட்ட சரக்கு வண்டி டயர். பாரம் தாங்கும், ஆனால் பென்ஸ் என்பதற்கான அந்த மிதப்பு போய்விடும். ஈர ரோட்டில் பிரேக் பிடிப்பும் குறையும். நான் சொல்வது, சரியான அளவுக்கு இரண்டு மாதம் காத்திருங்கள். 2020 ஜூனில் வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு காத்திருப்பு நீண்டுதான் போகிறது. ஆனாலும் காத்திருங்கள்.

வேகக் குறியீட்டையும் விட்டுவிடாதீர்கள். டி என்றால் 190, எச் என்றால் 210, வி என்றால் 240 கி.மீ. அவ்வளவு வேகம் யார் போகிறார்கள் என்று கேட்பார்கள். அது வேகத்துக்கு மட்டுமான எழுத்தல்ல, சூட்டைத் தாங்கும் திறனுக்குமானது. மேனுவலில் உள்ளதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிகளில் எனக்கு மிகவும் கவலை தருவது வயதான டயர். ரோட்டைத் தொடும் பட்டன் தேயாமல், பள்ளங்களோடு புதிதுபோல இருக்கும், ரப்பரோ கல்லாகியிருக்கும். சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதில் ஓட்டவே கூடாது. பென்ஸ் ஆறு ஆண்டு என்கிறது. டயர் கம்பெனிகள் சில, ஐந்தாண்டுக்குப் பிறகு வருடந்தோறும் சோதிக்கவும் பத்தோடு நிறுத்தவும் சொல்கின்றன. நம் ஊர் குளிர்ச்சி டயரைக் காப்பாற்றும் என்று நம்பி எட்டு வருடம் ஓட்டினேன். சைடுவாலில் மயிரிழை வெடிப்புகள் வந்துவிட்டன. புது டயர் வாங்கும்போதும் கடையில் கிடந்த காலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதி பார்க்காமல் பில் போட விடாதீர்கள்.

பழைய அலாய் வாங்குகிறவர்கள் பெண்டு எடுத்த வீலையும் கவனிக்க வேண்டும். சூடாக்கித் தட்டி நிமிர்த்தி, விரிசலுக்கு வெல்டு வைத்து, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுவார்கள். முன்பக்கம் எதுவும் தெரியாது. உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் வேண்டாம். வெல்டு வைத்த வீல் எத்தனை மலிவாக வந்தாலும் எங்கள் வீட்டுக்குள் வராது.

சரி, எல்லாம் சரியாக வாங்கியாயிற்று. மாட்டும்போது ஏர் கன் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கையால் போல்ட்டைத் திருகி, குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால், அதாவது இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால் இறுக்கச் சொல்லுங்கள். டபிள்யூ124-க்கு 110 நியூட்டன் மீட்டர். காற்றழுத்தம் எவ்வளவு என்று பெட்ரோல் மூடிக் கதவின் உள்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. எல்லா வண்டிக்கும் 35 பி.எஸ்.ஐ. காற்று வைக்கும் பழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். நான் இப்போது 15 அங்குலத்துக்கே திரும்பிவிட்டேன்: சிவாஜிநகரில் நான்கு மாதம் தேடி எடுத்த பதினைந்து துளை அலாய், ஆறரை அங்குல அகலம், நான்கிலும் ஒரே எண் பொறித்தது. போன வாரம் சேலம் போகும் வழியில் சூளகிரியில் வண்டியை நிறுத்தி அந்தப் பெரியவரிடம் காட்டினேன். அவர் குனிந்து, போல்ட் தலைகளைத்தான் முதலில் பார்த்தார்.