வெயிலும் ஈஸ்ட் விடும் கரியமில வாயுவும்: வீட்டில் ஃபார்மேட் தயாரிப்பது எப்படி?

வீணாகும் கரியமில வாயுவை வெயிலைக் கொண்டு எரிபொருளாக்குவது பற்றிய செய்திகள் நிறைய வருகின்றன. செய்து பார்க்க வழி சொல்பவர்கள் குறைவு. அதில் எளியது ஃபார்மேட். ஃபார்மிக் அமிலத்தின் உப்பான இதை எரிபொருள் கலத்தில் போட்டால் மின்சாரம் கிடைக்கும். கரைசலில் கரைந்த கரியமில வாயு, சோலார் மின்சாரம் பாயும் வெள்ளீயத் தகட்டில் ஃபார்மேட்டாக மாறுவதுதான் இதன் அடிப்படை.

வேண்டியவை: சின்ன 6 வோல்ட் சோலார் பேனல், வோல்டேஜ் குறைக்கும் மாட்யூல், மல்டிமீட்டர், வாயகன்ற கண்ணாடி ஜாடி, அதற்குள் அடங்கும் பூச்சில்லாத மண் கலயம், கிராஃபைட் குச்சிகள், வெள்ளீயம், ஆப்ப சோடா, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், மீன்தொட்டி டியூப், ஈஸ்ட், சர்க்கரை. மாட்யூலில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் திருகு இருப்பதையே வாங்குங்கள். சில ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை.

1. வெள்ளீயம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்களிடம் கட்டியாகக் கிடைக்கும். காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய துண்டைக் காதருகே பிடித்து வளையுங்கள். சுத்த வெள்ளீயம் 'கிறீச்' என்று முனகும், காரீயம் முனகாது. பிறகு தட்டி, 4 செ.மீ.க்கு 5 செ.மீ. தகடாக்கி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள்.

2. கரைசல். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 42 கிராம் ஆப்ப சோடா. கிணற்று நீர் வேண்டாம். சாப்பாட்டு உப்பு கூடவே கூடாது, குளோரின் வரும்.

3. அடுக்குதல். இரவு முழுக்க டிஸ்டில்டு வாட்டரில் ஊறிய கலயத்துக்குள் கிராஃபைட் (பாசிட்டிவ்), வெளியே ஜாடியில் வெள்ளீயம் (நெகட்டிவ்), இரண்டிலும் கரைசல். கலயம் இல்லாவிட்டால் உண்டாகிற ஃபார்மேட் மறுமுனைக்குப் போய்த் திரும்பவும் கரியமில வாயுவாகிவிடும். ஒயர் கிளிப் கரைசலில் படக்கூடாது.

4. வாயு. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீர், 100 கிராம் சர்க்கரை, அரை ஸ்பூன் ஈஸ்ட். பாட்டில் மூடியிலிருந்து டியூப், நடுவே நுரை பிடிக்க ஒரு தண்ணீர் பாட்டில், அப்புறம் வெள்ளீயப் பக்கம். டியூப் அடைத்தால் பாட்டில் வெடிக்கும், கவனம். ஒரு மணி நேரம் வாயு ஓடிய பிறகே மின்சாரம்.

5. மின்சாரம். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தகட்டில் குமிழி பொங்கினால் வேலை நடக்கிறது என்று தோன்றும். அந்தக் குமிழி பெரும்பாலும் ஹைட்ரஜன். ஃபார்மேட்டோ சத்தமில்லாமல் கரைசலிலேயே கரைந்து நிற்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் கரியமில வாயு சுமார் ஒன்றரை கிராம்தான் கரையும். கரண்ட்டைக் கூட்டினால் தகட்டருகே அது தீர்ந்துபோய், தண்ணீரே பிளக்கத் தொடங்கும். ஆகவே மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே 100 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள். குமிழி குறைவாக இருப்பதே நல்ல அறிகுறி.

அப்படியும் பொங்கினால் கரைசலில் இரும்பு, செம்பு போன்ற உலோகத் துணுக்குகள் இருக்கலாம். அவை தகட்டில் படிந்து ஹைட்ரஜனுக்கே வழிவிடும். வேறொரு வெள்ளீயத் துண்டைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டி, அழுக்கை அதில் படியவிட்டு எடுத்தெறியுங்கள். பிறகு நல்ல தகடு. இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். வெயில் மங்குமுன் தகட்டை வெளியே எடுத்துவிடுங்கள்.

6. சோதனை. வெளிர் ரோஸ் நிறத்தில் பெர்மாங்கனேட் கரைசல். வெள்ளீயப் பக்கத்து நீரில் சில சொட்டு விட்டால், ஃபார்மேட் இருந்தால் ரோஸ் மறைந்து பழுப்பாகும். ஈஸ்ட்டிலிருந்து வரும் ஆல்கஹாலும் மெதுவாக இதையே செய்யும். அதனால் வாயு மட்டும் செலுத்தி மின்சாரம் தராத கரைசலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எது முந்துகிறது என்பதுதான் பதில்.

ஐந்து மணி நேரம் ஓடினால் கணக்குப்படி அதிகபட்சம் 0.4 கிராம் ஃபார்மிக் அமிலத்துக்கு ஈடான அளவு. நடைமுறையில் இதைவிடக் குறையும். வெள்ளீயத்துக்குப் பதில் செம்பு வைத்தால் மீத்தேன் வரும் என்று ஜப்பானின் யோஷியோ ஹோரி 1980களில் காட்டினார். ஆனால் அதை அளக்க வாயுப் பகுப்பாய்வுக் கருவி வேண்டும். தொடங்குபவர்களுக்கு வெள்ளீயமே சரி.

பின்சேர்க்கை: கிராஃபைட் கரைந்து கரைசல் கறுக்கிறதே, எவர்சில்வர் ஸ்பூன் வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் கரைசலில் இறங்கக்கூடும். கறுப்பு கலயத்துக்குள்ளேயே தங்கிவிடும், குச்சி தேய்ந்தால் மாற்றினால் போதும்.