டியூப் எழுதிவிட்டு அனுப்பாதீர்கள்: குழந்தைகளின் தோல் நோய் ரெஃபரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் டாக்டர்களின் ரெஃபரல் சீட்டில் பல நேரம் ஒரே வரிதான் இருக்கும்: 'தோல் வியாதி, மேல் சிகிச்சைக்கு.' கையெழுத்து புரியவில்லை, சீல் இல்லை என்பதையெல்லாம் இங்கே விட்டுவிடலாம். அவற்றால் குழந்தைக்குக் கேடில்லை. கேடு வருவது வேறு சில இடங்களில். புது பேட்ச் வந்தாலும் அந்த இடங்கள் மாறுவதில்லை.

அனுப்பும் முன் எழுதப்படும் டியூப்

குழந்தையின் இடுப்பில் வட்டமாக ஒரு செதில் படை. படர்தாமரையா (பூஞ்சை), கரப்பானா (எக்சிமா) என்று உறுதியில்லை. 'ஜிஎச்சுக்குப் போங்கம்மா, அதுவரைக்கும் இதைத் தடவுங்க' என்று ஒரு டியூப். அதில் இருப்பது க்ளோபெட்டசால் 0.05 சதவீதம் என்ற வீரியமான ஸ்டீராய்டு, கூடவே கிருமிகளுக்கு ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், பூஞ்சைக்கு டெர்பினாஃபைன். எந்த நோயாக இருந்தாலும் ஏதாவது ஒன்று கேட்கும் என்ற கணக்கு. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேலை செய்வது ஸ்டீராய்டு மட்டும்தான். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், ஜிஎச் பயணம் தள்ளிப்போகும். பூஞ்சையை எதிர்க்கிற தோலின் சக்தியை ஸ்டீராய்டு முடக்கிவிடுவதால் படை சத்தமில்லாமல் பரவும். டியூப் தீர்ந்ததும் முன்பைவிடப் பெரிதாகக் கிளம்பும். கடையில் அடுத்த டியூப்.

கடைசியில் தோல் ஓபிக்கு வரும்போது படர்தாமரையை அடையாளம் காட்டும் உயர்ந்த செதில் விளிம்பு இருக்காது. வட்டத்துக்குள் வட்டம், நடுநடுவே சீழ்க்கொப்புளம், தொடை இடுக்கில் வரிவரியாகத் தோல் கிழிந்த தழும்பு. தழும்பு முழுதாக மறையாது. டெர்பினாஃபைன் பட்ட தோலைச் சுரண்டி கேஓஎச் (மைக்ராஸ்கோப்பில் பூஞ்சையைத் தேடும் சோதனை) பார்த்தால் நெகடிவ் வரலாம். இரண்டு வாரம் எதையும் தடவாமல் திரும்பி வரச் சொல்ல வேண்டியிருக்கும். கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அது இன்னொரு நாள் சம்பளம். டெர்பினாஃபைனுக்குக் கட்டுப்படாத ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற பூஞ்சை நாடு முழுக்கப் பரவியிருக்கும் காலத்தில் அந்த மருந்தை அரைகுறையாகத் தடவி அனுப்புவது எரிச்சலைத்தான் கிளப்புகிறது.

இதே டியூப் கைக்குழந்தையின் டயப்பர் இடத்துக்குப் போனால் இன்னும் மோசம். டயப்பர் மூடியிருப்பதால் மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பும் அதிகம். சில வாரங்களில் முகம் உருண்டு, கன்னம் உப்பி, உடம்பில் மெல்லிய ரோமம் வரும். வீட்டில் 'குழந்தை நல்லா புஷ்டியா இருக்கு' என்பார்கள். எடை ஏறியிருக்கும், நீளம் ஏறியிருக்காது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் (கார்டிசால்) சுரக்கும் அட்ரினல் சுரப்பி அந்தக் குழந்தைக்கு அடங்கிக் கிடக்கிறது. இந்தக் கட்டத்தில் 'உடனே நிறுத்துங்க' என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் ஆபத்து: ஒரு சாதாரணக் காய்ச்சலிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்துவிடலாம். வாரக்கணக்கில் தடவியிருந்தால் சீட்டில் அதை முதல் வரியாக எழுதி, அன்றே குழந்தைகள் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். காலை 8 மணி கார்டிசால் பார்த்து, எப்படிக் குறைப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

2018-ல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. டாக்டரின் சீட்டிலேயே அந்த டியூப் இருந்தால் கடைக்காரரைத் திட்டி என்ன பயன்?

அப்படியானால் என்ன கொடுப்பது? வெள்ளை பாரஃபின் களிம்பு போதும். டயப்பர் இடமாக இருந்தால் ஜிங்க் ஆக்சைடு. மடிப்புக்குள்ளும் சிவந்து சுற்றிலும் சிறு பருக்கள் சிதறியிருந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சை, ஸ்டீராய்டு கலக்காத தனி க்ளோட்ரிமசோல் போதும். கரப்பான் என்று உறுதியாகத் தெரிந்தால் வீரியம் குறைந்த ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம், ஐந்து முதல் ஏழு நாள். அளவையும் எழுதுங்கள்: பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம், அது பெரியவரின் இரண்டு கை அகலத்துக்கு வரும். பூஞ்சை என்று சந்தேகமா? ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, ஸ்கால்பெல் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பில் இருந்து செதில்களைக் கறுப்புத் தாளில் சுரண்டி மடித்துக் கொடுத்தனுப்புங்கள். ஈரம் படாமல் இருந்தால் ஃபிரிட்ஜ் தேவையில்லை.

ஏற்கெனவே ஏதாவது தடவியிருந்தால் பெயரைக் கேட்டு எழுதுவதைவிட, காலி டியூபையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஜென்ஷன் வயலட்

அனுப்பும் நாளில் வேண்டாம். அந்த ஊதா மருந்துக்கு அடியில் எதுவும் தெரியாது. அக்கிக்கு வீட்டில் காவி பூசியிருந்தால் கழுவச் சொல்லி அனுப்புங்கள்.

தலையில் கட்டி என்று சர்ஜரிக்கு அனுப்புவது

பள்ளிக்கூட வயதுக் குழந்தை, தலையில் சொதசொதவென்று வீக்கம், சீழ், முடி உதிர்வு, கழுத்தில் நெறிகட்டு. பார்த்தால் சீழ்க்கட்டி போலவே இருக்கும். ஒரு முடியை இழுத்துப் பாருங்கள்; வலியில்லாமல் கையோடு வந்தால் அது கீரியான், பூஞ்சை. கிழித்துச் சீழ் எடுத்தால் தழும்பும் நிரந்தர வழுக்கையும்தான் மிச்சம். களிம்பு மட்டும் இதற்குப் போதாது. பூஞ்சைக்கான கிரிசியோஃபுல்வின் மாத்திரை தினமும் கிலோவுக்கு 20 மி.கி., பாலோடு, ஆறிலிருந்து எட்டு வாரம். அனுப்ப வேண்டியது தோல் பிரிவுக்கு, பிடுங்கிய நான்கைந்து முடிகளோடு.

'தானாகப் போய்விடும்' என்று காத்திருப்பது

பிறந்து சில நாளில் சிவப்புப் புள்ளியாக வந்து வளரும் ரத்தநாளக் கட்டி தானாகச் சுருங்கும் என்பது உண்மைதான். சுருங்குவதற்கு முன் அது வளரும். வேகமான வளர்ச்சி ஐந்திலிருந்து ஏழு வார வயதில். தடுப்பூசிக்கு ஆறாவது வாரம் வரும்போதுதான் அனுப்புகிறார்கள், பாதி நேரம் போய்விடுகிறது. கண்ணிமை, மூக்கு நுனி, உதடு, தாடி வளரும் இடம், இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டின் நடுவில், அல்லது புண்ணானது என்றால் நான்கு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். தாடிப் பகுதிக் கட்டியோடு மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டால் அன்றே. கட்டியைச் சுருக்கும் ப்ரோப்ரனோலால் மருந்தைச் சரியான வாரத்தில் தொடங்கினால் கிடைக்கும் பலன் பிறகு அதே அளவு கிடைக்காது.

சொறி சிரங்குக்கு ஒரு பிள்ளையை மட்டும் அனுப்புவது

பெரும்பாலும் அனுப்பவே தேவையில்லை. பெர்மெத்ரின் 5 சதவீதம், வீட்டில் எல்லாருக்கும் ஒரே இரவில், கழுத்துக்குக் கீழ் முழுவதும் தடவி 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளியல். ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்குக் கண், வாய் தவிர்த்துத் தலைக்கும் முகத்துக்கும் சேர்த்து. அதன் பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கலாம். மருந்து தோற்றதாக அர்த்தமில்லை. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை மட்டும் அனுப்புங்கள்.

ஓபி நாளுக்குக் காத்திருக்கக் கூடாதவை

காய்ச்சலோடு, கண்ணாடி வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்: முதல் டோஸ் செஃப்ட்ரியாக்ஸோன் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரென ஒரே அளவில், துளைத்தது போன்ற புண்கள்: ஹெர்பிஸ், அசைக்ளோவிர் தாமதிக்கக் கூடாது. மருந்து சாப்பிட்ட பின் வாய், கண், பிறப்புறுப்பு மூன்றிலும் புண்: சந்தேகப்படும் மருந்தை நிறுத்தி அன்றே. பிறந்த முதல் மாதத்தில் கொப்புளம்: எதுவானாலும் அன்றே.

எடை

இன்றைய எடை மட்டும் போதாது. தாய் சேய் நல அட்டையும் வர வேண்டும். வாய், ஆசனவாய், கைகால் நுனி மூன்றையும் சுற்றிப் புண், வயிற்றுப்போக்கு, கீழே இறங்கும் எடைக் கோடு: இது துத்தநாகக் குறைவாக இருக்கலாம், களிம்பால் தீராது.

படம்

தடிப்பு ஓபிக்கு வருவதற்குள் மறைந்துவிடும். அம்மாவின் செல்போனிலேயே, பகல் வெளிச்சத்தில், தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று.

தொலைபேசி எண்

அம்மாவின் எண்ணோடு உங்கள் எண்ணும். கேஓஎச் முடிவு வந்த பின் மாத்திரையைத் தொடர்வது உங்கள் நிலையத்தில்தான்.