ஊரில் பூட்டிவிட்டு வந்த வீடு: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு

திறப்பு யாரிடம் இருக்கிறது? கனடாவில் ஸ்காபரோவுக்குப் புதிதாக வருகிற எங்கள் ஊர் ஆட்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். "மாமியிட்ட குடுத்திட்டு வந்தோம்" என்பார்கள். வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதி எங்கே என்று கேட்டால் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அலுமாரிக்குள் இருக்க வேணும் என்பார் ஒருவர். இல்லை, அப்பா லோன் எடுக்கக் கொண்டுபோனவர் என்பார் மற்றவர்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணத்தோடு தாய் தான் இருந்த வீட்டையே மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு இருந்துவிடுவா. அந்த மகள் குடும்பத்தோடு வெளிநாடு வந்து, தாயும் கண்ணை மூடினால் மிஞ்சுவது பூட்டிய வீடு. ஆடியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று கிழமை நிற்கிற விடுமுறை வீடு. மிச்ச நாளெல்லாம் அது தனியே நிற்கிறது. வந்த முதல் வருசம் வேலை, விசா, வாடகை என்று ஓடுவதில் அதை யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. அதனால் போனதைச் சொல்கிறேன், உங்களுக்குப் போகக் கூடாது.

என் வீடு ஆரையம்பதியில். முதல் இரண்டு வருசம் பெரியம்மா கிழமைக்கு ஒருக்கா போய்க் கூட்டி, விளக்கு வைத்துவிட்டு வருவா. மூன்றாம் வருசம் அவவுக்கு முழங்கால் நோவு வந்து, போக்குவரத்து நின்றது. ஆறு மாதத்துக்குள் கிணற்று மோட்டர் களவு போனது. அடுத்து பின்பக்க அலுமினிய ஜன்னல். அதற்கடுத்து காஸ் சிலிண்டர். முன்கதவுப் பூட்டை யாரும் தொடவே இல்லை. வந்தவன் ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறான். பெரியம்மா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் கட்டிலில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று, மெத்தையில் மழைத்தண்ணீர் நின்று காய்ந்த வட்டம், அதன் ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சணம். மோட்டருக்குப் போன காசைவிட அந்த மழைக்குப் போன காசு அதிகம். ஓடு பிரிபட்டது ஐப்பசியில், எங்களுக்குத் தெரிய வந்தது தையில். வடகீழ்ப் பருவ மழை முழுவதும் வீட்டுக்குள் பெய்திருக்கிறது.

வேலி நகர்ந்தது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. கிடுகு வேலியை வருசா வருசம் மாற்றிக் கட்ட வேணும். நாங்கள் இல்லாதபடியால் பக்கத்து வளவுக்காரரே கட்டினார்கள், நாங்களும் நன்றி சொன்னோம். ஒவ்வொரு முறையும் ஒரு சாண். ஒரு நாள் பெரியம்மா போனில், "மனே, வேலி கிணத்தடிக்கு வந்திட்டுது கா" என்றா. ஊருக்குப் போய் நில அளவையாளரான சேவயரைக் கூப்பிட்டு, பழைய பிளானை வைத்து அளந்தோம். எல்லைக்கல் வேலிக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய முருங்கை மரத்து வேருக்குள் இருந்தது. மண்வெட்டி 'ணங்' என்று கல்லில் பட்டபோது இரண்டு பக்கத்து ஆட்களும் ஒன்றும் பேசவில்லை. மத்தியஸ்த சபைக்குப் போனோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த, பிணக்கைப் பேசித் தீர்க்கிற சபை அது. வழக்குச் செலவில்லாமல் இரண்டு அமர்வில் வேலி திரும்பி வந்தது. பிளான் கையில் இருந்தது, கல்லும் இருந்த இடத்தில் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் கதை வேறாகியிருக்கும். இப்போதே செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: நாலு மூலைக் கல்லும் தெரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லி, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டு மாதமும் பத்து வருசமும்

இந்த இரண்டு கணக்கும் மனதில் இருக்க வேணும். ஒருவர் உங்கள் வீட்டுக்குள் அத்துமீறிப் புகுந்து குடியிருந்தால், பொலிஸில் முறைப்பாடு வைத்து, அந்த விசயம் நீதவான் முன்னால் போகும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம், 66ஆம் பிரிவு. வழக்கு மன்றுக்குப் போவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நீங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், வீட்டை உங்கள் கையில் திருப்பிக் கொடுக்க மன்று உத்தரவிடலாம். அந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத்தான். அது வருசக்கணக்கில் இழுபடும். ஆறு மாதத்துக்கு ஒருக்கா எட்டிப் பார்க்கிற வீட்டுக்கு இந்த வழி கிடையாது.

மற்றது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். தனியார் காணியில் ஒருவர் உங்கள் உரிமையை மறுத்து, தனக்கென்று பத்து வருசம் தொடர்ச்சியாக ஆண்டதை நிரூபித்தால் காணி தன்னுடையது என்று கேட்கலாம். உங்கள் உத்தரவில் தங்கியிருப்பவருக்கு அந்த உரிமை இலேசில் வராது. ஆனால் அவர் உத்தரவில்தான் இருந்தார் என்பதைக் காட்ட ஏதாவது கையில் வேணும். ஆகவே சொந்தக்காரரையே இருத்தினாலும் ஒரு கடிதம் எழுதுங்கள். "வீட்டைப் பார்த்துக்கொள்ள என் சம்மதத்தோடு தங்குகிறேன், கேட்கும்போது விடுவேன்" என்று இரண்டு வரி, கையெழுத்து, திகதி, இரண்டு சாட்சி. கேட்க வெட்கமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும் இருந்தது. மச்சாளிடம் கேட்டபோது அவ ஒரு கிழமை பேசவில்லை, மறுகா அவவே வந்து கையெழுத்து வைத்தா. சோலை வரி, கரண்ட் பில், தண்ணீர் பில் மூன்றும் உங்கள் பெயரில் வரட்டும், கட்டிய துண்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம், பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேணும். வீட்டைப் பார்க்கிறவருக்கு எல்லா அதிகாரமும் கொடுத்த பொது அற்றோணியை ஒரு கையெழுத்தில் அனுப்பிவிடுகிறோம். அதில் விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் இருக்கும். தேவையானதை மட்டும் எழுதிய விசேட அற்றோணி போதும்: பில் கட்ட, பொலிஸில் முறைப்பாடு கொடுக்க, உங்களுக்காக வழக்குக்கு முகம் கொடுக்க. விற்க, ஈடு வைக்க, நன்கொடை எழுத அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதச் சொல்லுங்கள். இலங்கையில் அதைப் பதிவுசெய்ய வேணும். பின்னால் ஆளை மாற்றினால் பழையதை இரத்துச் செய்ததையும் பதிய வேணும். மனதால் மாற்றியது பதிவேட்டுக்குத் தெரியாது.

அகதி விண்ணப்பம் போட்டிருப்பவர்கள் இந்த இடத்தில் கவனம். கையெழுத்து அத்தாட்சிக்கென்று இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்கோ துணைத் தூதரகத்துக்கோ போவதற்கு முன் உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்த அரசிடம் பாதுகாப்பு இல்லை என்று சொன்னவர் அதன் அலுவலகத்துக்கே போய் வந்தது வழக்கில் கேள்வியாக வரலாம். வீட்டுக்காக உங்கள் இருப்பையே கேள்விக்குள்ளாக்க வேண்டாம்.

உறுதி தொலைந்திருந்தால் பயப்படாதீர்கள். 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலும் காரைதீவிலும் எத்தனையோ வீட்டு அலுமாரியோடு உறுதியையும் கடல் கொண்டுபோனது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும், அங்கே அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். அதே பதிவகத்தில் வருசத்துக்கு ஒருக்கா உங்கள் காணியின் பதிவேட்டுப் பக்கத்தை ஆளை விட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத விற்பனை, ஈடு ஏதும் ஏறியிருந்தால் அங்கேதான் தெரியும். கள்ள உறுதி பயம் இருந்தால், அந்தக் காணிக்கு ஏதும் பதிய வந்தால் உங்களுக்கு அறிவிக்க வேணும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. வழக்கறிஞர் அதைக் 'கேவியட்' என்பார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் அம்பாறைக் குடியேற்றப் பக்கமும் பெமிற் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள், நிறைய. அவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்தவை. அந்தக் காணியில் இருக்க வேணும், செய்கை பண்ண வேணும், பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்றக் கூடாது. நிபந்தனை மீறினால் அனுமதிப்பத்திரம் இரத்தாகலாம். பெமிற் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், உங்களுக்குப் பிறகு காணி சேர வேண்டிய பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்பதை இந்தக் கிழமையே பிரதேச செயலகத்தில் கேட்டுவைப்பது நல்லது.

உழைத்த காசில் ஊரில் ஒரு வளவு வாங்க ஆசை வரும். கனடியப் பிரஜையாகும்போது இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்காவிட்டால் அது இல்லாமல் போகிறது. பிறகு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. இதைச் செய்யாமல் மச்சானின் பெயரில் வாங்குகிறார்கள். மச்சான் நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் மச்சானுக்குக் கடன் வரலாம், மரணம் வரலாம், அவருடைய பிள்ளைகள் வளர்ந்து காணி எங்கள் அப்பாவுடையது என்று உறுதியைக் காட்டலாம். உறுதியில் அப்படித்தான் இருக்கும். இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கும் வரைக்கும் வாங்காமல் பொறுத்திருப்பதே நல்லது என்பேன்.

மழை, இடி, யானை

ஐப்பசி முதல் தை வரை வீட்டின் பெரிய எதிரி தண்ணீர். பீலியில் விழுந்த மாவிலை ஒரு கட்டு அடைத்தால் போதும், சுவர் ஊறிவிடும். மழைக்கு முன் ஒருக்கா பீலி வழிக்க, ஓடு மாற்ற ஆள் பிடியுங்கள். மழை விட்டதும் நுளம்பு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வளவுக்குள் நுளம்பு பெருகவிட்டால் சொந்தக்காரர் மேல் வழக்கு வரலாம், வீடு பூட்டிக் கிடந்தது என்பது பதிலாகாது. கிணற்றுக்கு வலை, தண்ணீர்த் தாங்கிக்கு இறுக்கமான மூடி, சிரட்டை, தகரம், பழைய டயர் எல்லாம் வெளியே. அயலில் ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்தால் அந்தத் துக்கத்துக்கு எந்தத் தண்டப்பணமும் ஈடில்லை.

கமரா பூட்டுகிறார்கள். பூட்டுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். கரண்ட் பில் நிலுவையானால் இணைப்பை வெட்டுவார்கள், டேட்டா முடிந்தால் படம் வராது, ஐப்பசி இடிக்கு ரவுட்டர் எரியும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் உங்கள் மண்டபத்தை வேறு யாரும் இருந்து பார்க்கலாம். எங்கள் கமரா முன்னால் சிலந்தி வலை கட்டி, ஒவ்வொரு இரவும் ஆள் நடமாட்டம் என்று போன் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே இரவு இரண்டு மணி என்றால் இங்கே கோடையில் மாலை நாலரை, நான் வேலைத்தளத்தில். நாலைந்து நாளில் சத்தத்தை நிறுத்திவைத்தேன். மோட்டர் போனது அதற்குப் பிறகுதான். ஒரு விளக்குமாற்றோடு கிழமைக்கு ஒருக்கா போகிற ஆள் இருந்திருந்தால் இரண்டும் நடந்திராது.

வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று. பூட்டிய வீடுதானே என்று சொந்தக்காரர் நெல் மூட்டை அடுக்கக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நெல் மணத்துக்கு யானை வந்தால் சுவரைத் தள்ளித்தான் எடுக்கும்.

ஊருக்குப் போகும் நாட்களில்

வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், திருக்கோவில் தீர்த்தம் என்று நாங்கள் எந்த மாதம் வருவோம், எந்த இரவு வீட்டில் ஒரு குஞ்சும் இராது என்பது எல்லாருக்கும் தெரியும். விமான நிலையத்தில் எடுத்த படத்தை அன்றே முகநூலில் போடாதீர்கள், திரும்பி வந்த பிறகு போடலாம். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். இரவுத் திருவிழாவுக்குக் குடும்பமே போனாலும் ஒருவர் வீட்டில் படுக்கட்டும். புறப்படும் நாளில் திறப்புகளை எண்ணுங்கள். வேலைக்கு வந்த மேசனிடம் ஒன்று, பூச்சு அடித்தவரிடம் ஒன்று என்று நிற்கும். எண்ணிக்கை பிழைத்தால் பூட்டையே மாற்றிவிட்டு வாருங்கள்.

திறப்பு வைத்திருப்பவருக்குச் சம்பளம் கொடுங்கள், சொந்தமென்றாலும். பெரியம்மாவின் முழங்காலைப் பற்றி நான் ஒரு தடவையும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் கவலை. இப்போது மச்சாளின் மகள் பார்க்கிறாள், மாதம் பிறந்தவுடன் காசு போய்விடும். ஞாயிறு காலை அங்கே ஏழு மணிக்கு, இங்கே கோடையில் சனி இரவு ஒன்பதரைக்கு, வட்ஸ்அப்பில் வருவாள். போனைப் பிடித்துக்கொண்டு கேற்றிலிருந்து தொடங்கி வளவைச் சுற்றி நடப்பாள்: நாலு கல், கிணற்று வலை, மோட்டர், பீலி, உள்ளே போய் ஒவ்வொரு அறையிலும் முகட்டைக் காட்டுவாள், வெளிச்சம் தெரிகிறதா என்று. மொத்தம் பன்னிரண்டு நிமிசம். போன ஞாயிறு குசினி முகட்டில் காசளவு வெளிச்சம் தெரிந்தது, திங்கள் ஓடு மாற்றியாயிற்று.