கியர் வண்டி பழகலாம்: பாடம் முழுக்க இடது கைக்குத்தான்

ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்து, இப்போது கியர் வண்டிக்கு மாறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பேலன்ஸ், இண்டிகேட்டர், கண்ணாடி பார்ப்பது எல்லாம் உங்களுக்கு வரும். எல்எல்ஆர் கையில் இருக்கட்டும், ஹெல்மெட் தலையில் இருக்கட்டும், முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ ஒட்டியிருக்கட்டும்.

பழக 100 அல்லது 110 சிசி வண்டி போதும். 350 சிசி வண்டியில் ஆரம்பிக்காதீர்கள். எடையைச் சமாளிப்பதிலேயே கவனம் போய்விடும், கிளட்ச் பிடிபடாது. இடம்? ஞாயிறு காலையில் ஆள் இல்லாத பள்ளி மைதானம், இல்லையென்றால் வீடு எழும்பாத மனைப்பிரிவின் உள் ரோடு. தருமபுரி நான்கு ரோடு பக்கம் முதல் வாரம் போகவே வேண்டாம்.

ஏறி உட்காரும் முன் இடது கைப்பிடியில் இருக்கும் கிளட்ச் லீவரின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இழுவை தொடங்கும் முன் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் நழுவும், பிளேட் தேயும். ஆட்டம் அதிகமாக இருந்தால் லீவரை முழுக்கப் பிடித்தாலும் கியர் சரியாக விழாது. மெக்கானிக்கிடம் கேபிளைச் சரிசெய்துகொண்டு வாருங்கள். கேபிள் பிசிறு விட்டிருந்தால் மாற்றியே விடுங்கள்.

முதலில் கியர் போடுவது. நியூட்ரலில், அதாவது எந்தக் கியரும் விழாத நிலையில், ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்ச்சை முழுக்கப் பிடித்து இடது காலால் முதல் கியர் போடுங்கள். ‘டக்’ என்று விழும். விழவில்லையா? காலால் ஓங்கி மிதிக்காதீர்கள். வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே உருட்டி மறுபடி போடுங்கள், விழுந்துவிடும். உள்ளே பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்பதுதான் காரணம்.

ஆஃப் கிளட்ச், அதாவது கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்ட நிலை. எனக்குப் பிடிபட வெகுநாள் ஆனது இதுதான். அதனால் இங்கே நிதானமாகப் போகலாம்.

இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே அடுக்கடுக்காகக் கிளட்ச் பிளேட்டுகள். லீவரைப் பிடித்தால் அவை விலகும், விட்டால் ஸ்பிரிங் அவற்றை அழுத்திச் சேர்க்கும். பாதி விட்ட நிலையில் பிளேட்டுகள் உரசிக்கொண்டே மெல்ல இன்ஜினின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கும். அந்தப் பாதி இடத்தை விரல்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

சமதரையில் முதல் கியர் போட்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். லீவரை நெல்மணி அளவு நெல்மணி அளவாக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சற்றே தாழும், ஹேண்டில்பாரில் லேசாக ஒரு நடுக்கம் வரும், வண்டி முன்னே போகப் பார்க்கும். அங்கேயே விரலை நிறுத்துங்கள், பிறகு திரும்பப் பிடியுங்கள். ரோட்டுக்குப் போகும் ஆசையை ஒத்திவைத்து, அந்த இடம் கண்ணை மூடினாலும் விரலுக்குத் தெரிகிற வரை இதையே செய்யுங்கள்.

வண்டி ஆஃப் ஆவது பெரும்பாலும் தொடக்கத்தில் இல்லை. வண்டி நகர்ந்ததும் ‘அப்பாடா’ என்று மிச்சக் கிளட்ச்சை மொத்தமாக விடுகிறோமே, அங்கேதான். நகர்ந்த பிறகும் இரண்டு மீட்டர் உருளும் வரை விரலை அதே இடத்தில் வைத்திருங்கள். அப்புறம் முழுக்க விடலாம். பல வண்டிகள் ஆக்சிலேட்டர் கொடுக்காமலே இப்படி நகர்ந்துவிடும். அது வந்தபின் லேசாக ஆக்சிலேட்டரும் சேருங்கள்.

கியர் மாற்றுவது. ஆக்சிலேட்டரைக் குறை, கிளட்ச் பிடி, கியர் போடு, கிளட்ச்சை விடு, ஆக்சிலேட்டர் கொடு. ஆஃப் கிளட்ச் வந்தவருக்கு இது ஒரு மாலை வேலை. எப்போது மாற்றுவது என்று ஸ்பீடாமீட்டரைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். இன்ஜின் அலறினால் மேல் கியர், முக்கித் திணறினால் கீழ் கியர்.

நிறுத்துவது. ஸ்கூட்டர்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக். இங்கே அது கிளட்ச். திடீரென்று நாய் குறுக்கே வந்தால் பழக்கத்தில் இடது கை இறுகும். வண்டி நிற்காது, இன்ஜின் பிடியும் விட்டுப்போய்ச் சும்மா ஓடும். மைதானத்திலேயே வலது கை, வலது கால் இரண்டாலும் பிரேக் பிடித்து, கடைசியில் மட்டும் கிளட்ச் பிடித்து நிறுத்திப் பழகுங்கள்.

மேடும் இறக்கமும். மேட்டில் நின்று கிளம்ப, வலது காலால் பின் பிரேக்கை மிதித்திருங்கள். ஆஃப் கிளட்ச் இடம் வரை விட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுங்கள். வண்டி முன்னே இழுப்பது தெரிந்ததும் பிரேக்கை விடுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். தொப்பூர் கணவாயில் பெட்ரோல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் இறங்குவதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும், பிரேக்குக்குப் பாரம் குறையும். நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக் மேல்தான். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய டிரைவர்கள் சொல்வதை வத்தல்மலை வளைவுகளிலும், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போதும் அப்படியே கடைப்பிடியுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டதால் மூன்று விஷயங்கள்.

எல்லா வண்டியிலும் கியர் ஒரே மாதிரி விழாது. பல்சர் மாதிரி வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. ஸ்ப்ளெண்டரில் நான்கும் முன்பக்கம் மிதித்தே விழும், குதிகாலால் மிதித்தால் குறையும். அடுத்தவர் வண்டியை வாங்கினால் இதை முதலில் கேளுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தங்கைக்கு, கியர் போட்டதும் வண்டி ஆஃப் ஆகிக்கொண்டே இருந்ததாம். கிளட்ச்சில் கோளாறு இல்லை, சைடு ஸ்டாண்ட் எடுக்கவில்லை. இப்போது வரும் பல வண்டிகளில் ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் தானாக நின்றுவிடும்.

இன்னொருவர் வண்டியில் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கார் ஆயில் ஊற்றியிருக்கிறார். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். கார் ஆயில் சிலவற்றில் வழுக்கலுக்கான பொருள் சேர்த்திருப்பதால் பிளேட் நழுவும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று போட்டிருக்கிற பைக் ஆயிலையே வாங்குங்கள். மாற்றிய பிறகும் நழுவினால் பிளேட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.