தீயணைப்பு வண்டி வரும் வரை

வெயில் ஏறிவிட்டால் கிராமத்தில் கூரை வீட்டுக்கும் வைக்கோல் போருக்கும் ஒரு பொறி போதும். போரை வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் விட்டு நன்றாகத் தள்ளிப் போடுங்கள். மேலே மின்கம்பி போகிற இடம் வேண்டவே வேண்டாம். ஈரம் காயாத வைக்கோலையும் போர் போடாதீர்கள். உள்ளுக்குள் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும்.

விறகடுப்புச் சாம்பலைத் தண்ணீர் தெளித்துக் கிளறிவிட்டுத்தான் குப்பையில் கொட்ட வேண்டும். மேலே வெள்ளையாக ஆறிக் கிடந்தாலும் அடியில் கங்கு இருக்கும், காற்றடித்தால் பறக்கும்.

பலரும் யோசிக்காத ஒன்று: தீப்பிடித்ததும் முதலில் கரண்டைத்தான் நிறுத்துவோம். அப்புறம் மோட்டார் ஓடாது. அதனால் கோடை முழுக்க ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பக்கத்திலேயே இரண்டு வாளி வையுங்கள். கொட்டகைத் தூணில் ஓர் அரிவாளும் செருகியிருக்கட்டும். மிரண்டு இழுக்கும் மாட்டின் முடிச்சை அவிழ்க்க முடியாது, கயிற்றை அறுத்துத்தான் விட வேண்டும்.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்.

தீ என்றால் 101 அல்லது 112. ஊர்ப் பெயரோடு தாலுகா, பக்கத்துப் பேருந்து நிறுத்தம், கோயில் என்று அடையாளம் சொல்லுங்கள். தயவுசெய்து ஒருவரை மெயின் ரோட்டுக்கு பைக்கில் அனுப்புங்கள், வண்டி வழி தேடி நிற்கக் கூடாது.