ரப்பர் கட்டையில் பேனா கடைவது: பாதி வேலை துளையில்தான்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மறுநடவுக்கு வெட்டிய ரப்பர் மரத்துண்டு கிடைத்தால், கடைசல் இயந்திரத்தில் பேனா கடைந்து பழக அதுவே போதும். நீலக்கறைப் பூஞ்சையும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும். உடனே பலகையாக அறுத்துக் காற்றாட அடுக்குங்கள். எடை குறைவது நின்றபின் 19 மி.மீ. சதுரக் கட்டையாக்குங்கள். ஈரக்கட்டை பின்னால் சுருங்கி, துளைக்குள் ஒட்டும் பித்தளைக் குழாயின் மேல் வெடித்துவிடும்.

தொடக்கத்துக்கு 7 மி.மீ. குழாய் கொண்ட ஸ்லிம்லைன் செட் (மெல்லிய பேனாவுக்கான உதிரித் தொகுப்பு) நல்லது. துளைக்கும்போது அடிக்கடி துளைபிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். சூடேறினால் மரம் பிளக்கும். மறுமுனை பிய்கிறதென்றால், கட்டையை நீளமாக விட்டு, பிட் வெளிவருமுன் நிறுத்தி, நுனியை அறுத்தெடுங்கள்.

குழாயை உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, இபோக்சி பசை தடவி, சுழற்றியபடியே நுழைத்துவிடுங்கள். பசை படாத இடம்தான் கடையும்போது சிதறும். அதனால் முகம் முழுவதையும் மறைக்கும் பாதுகாப்புக் கவசம் கட்டாயம்.

பேனா ஒரு பக்கம் தடித்து வருகிறதா? டெயில்ஸ்டாக்கை (இயந்திரத்தின் மறுமுனைத் தாங்கி) அளவுமீறி இறுக்கியதில், கட்டையைக் கோத்துச் சுழற்றும் மேன்ட்ரல் கம்பி வளைந்திருக்கும், தளர்த்திப் பாருங்கள். கட்டையின் இரு முனையிலும் அளவுகாட்டும் உலோக வளையமான புஷ்ஷிங்கின் மட்டத்துக்குச் சற்று முன்பே உளியை நிறுத்துங்கள், மிச்சத்தை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். மீறிக் கடைந்தால் மரமும் உலோகமும் சேரும் இடத்தில் படி விழும்.